மூலப்பிரகிருதி என்னும் திரை: தத்துவ அறிஞர் சுப்பா ராவ் வாழ்க்கை வரலாறு

இவ்வுலகம் தோன்றுமுன் இருந்த முதற்பொருள் யாது என்னும் வினா பாரத நாட்டில் மிகப் பழமையானது. அதற்கு விடை கண்ட நம் முன்னோர் ஒரு பெயரோடு அமையவில்லை. சாங்கியர் அதனை மூலப்பிரகிருதி என்றும் பிரதானம் என்றும் வழங்கினர். கடோபநிடதம் அவ்வியக்தம் என்று கூறிற்று. சுவேதாசுவதர உபநிடதம் மாயையும் பிரகிருதியும் ஒன்றே எனக் காட்டிற்று. சைவ சித்தாந்தம் மாயையைச் சுத்தம், அசுத்தம், பிரகிருதி என வகுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் தோன்றும் தத்துவங்களையும் எண்ணிக் கணக்கிட்டது. பெயர்கள் பல, அவை குறிக்கும் படிகளும் பல. எல்லாம் ஒன்றையே சொல்கின்றன என்று பொதுப்படப் பேசிவிடுதல் எளிது. அவ்வெளிமைக்கு உடன்படாது, ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை காட்டி நின்ற பேரறிஞர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாநகரில் வாழ்ந்தார். அவரே தல்லாப்பிரகட சுப்பா ராவ். 34 ஆண்டுகள் நிறைவதற்குள் மறைந்த அவர் எழுதியவை மிகுதியல்ல. எனினும் அவர் வகுத்த விளக்கம், அவர் தொட மறுத்த ஒரு நூலின் பக்கங்களிலேயே உலகெங்கும் பரவிற்று.

பிறப்பும் கல்வியும்

அன்னார் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துக் கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்த காக்கிநாடாவில், தெலுங்கு நியோகி அந்தணர் குடும்பத்தில் தோன்றினார். பாட்டனார் அம்மாவட்டத்தின் சிரஸ்தாராகப் பணியாற்றியவர். தாய்மாமன் பித்தாபுரம் அரசரின் திவானாக விளங்கினார். ஆறு திங்கட் குழந்தையாய் இருந்தபோதே தந்தையாரை இழந்த சுப்பா ராவை அம்மாமனே வளர்த்து ஆளாக்கினார்.

காக்கிநாடா இந்துப் பள்ளியில் பயின்று 1872-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றபின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1876-இல் பி.ஏ. பட்டத்தை வகுப்பில் முதல்வராக நின்று பெற்றார். அவர்தம் திறமை அக்காலத்தில் பரோடா சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவின் செவிக்கு எட்டியது. அப்பெரியார் 1877-இல் அவரைப் பரோடா உயர்நீதிமன்றத்தின் பதிவாளராக அமர்த்தினார். இருபத்தோரு வயது இளைஞருக்கு அது பெரும் பதவி. எனினும் ஏறத்தாழ ஓராண்டில் அதனைத் துறந்து சென்னைக்குத் திரும்பிச் சட்டம் பயின்று உயர்நீதிமன்ற வக்கீலானார். தொழில் நன்கு நடந்தது. அதனோடும் அமையாமல் 1885-இல் அரசுப் பணித் தேர்வுக்காக நிலவியல் கற்று, தமக்கு முற்றிலும் புதிதாகிய அப்பாடத்திலும் தேறினார்.

இவ்வளவும் ஆங்கிலக் கல்வி பெற்ற கெட்டிக்கார இளைஞர் எவருக்கும் வாய்க்கக் கூடியதே. கல்லூரி நாட்களில் அவரிடம் வடமொழித் தத்துவ ஞானத்தின் சாயல் எதனையும் உடன் பயின்றோர் கண்டதில்லை. பின்னாளில் அவரிடமிருந்து பெருகிய சாத்திர அறிவு எங்கிருந்து வந்தது என்பது அவரை அறிந்தவர்க்கெல்லாம் வியப்பாகவே இருந்தது. முற்பிறவியின் நினைவு மீண்டது போலும் என்று நண்பர்கள் எண்ணினர். அவரோ தம் குருவைப் பற்றியும் சாதனையைப் பற்றியும் வாய் திறவாதவர். கற்றறிந்தவராகிய தம் அன்னையார் கேட்டபோதும் அவற்றைச் சொல்லத் துணியவில்லை.

பன்னிரு இராசிகள்

அவ்வறிவு முதன்முதல் வெளிப்பட்டது 1881-இல். அக்காலத்தில் பம்பாயிலிருந்து வெளிவந்த தியாசபிஸ்ட் என்னும் ஆங்கிலத் திங்களிதழுக்குப் பன்னிரு இராசிகளைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். மேடம் முதல் மீனம் ஈறாக உள்ள பெயர்கள் விண்மீன் கூட்டங்களின் உருவத்தைக் குறிப்பதோடு நில்லாமல், உலகத் தோற்றத்தின் வரலாற்றையே மறைத்து வைத்திருக்கின்றன என்பது அதன் கருத்து. மேடத்தின் மறுபெயராகிய அஜம் என்பது பிறப்பற்ற பரம்பொருள், இடபம் பிரணவம், மிதுனம் ஆண் பெண் இணைந்த அர்த்தநாரி வடிவம், கன்னி சக்தியாகிய மகாமாயை என்று ஒவ்வொன்றாக விளக்கிச் சென்றார்.

துலாம் இராசிக்கு அவர் கூறிய பொருள் சைவ அன்பர்களுக்குச் சிறப்பாகச் சுவையளிக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி என்னும் முறை ஒன்று உண்டு. கருநாடக இசையில் மேளகர்த்தா இராகங்களின் வரிசை எண்ணை அவற்றின் பெயரிலிருந்தே அறிய உதவுவது அம்முறைதான். அதன்படி துலா என்னும் சொல்லின் எழுத்துகள் ஆறும் மூன்றும் ஆகும். வழக்கப்படி வலமிருந்து இடமாக வாசித்தால் 36 வரும். அது 36 தத்துவங்களைக் குறிக்கிறது என்றார் சுப்பா ராவ். ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 எனச் சைவர் எண்ணும் அதே தொகை! இராசிப் பெயர்கள் உண்மையில் இந்நோக்கத்தோடுதான் அமைந்தனவா என்பதை வரலாற்றுச் சான்று கொண்டு நிறுவ இயலாது. ஆயினும் ஒரு சொல்லைக் கண்டால் அதன் உள்ளே புகுந்து பார்க்கும் அவர்தம் இயல்பு இக்கட்டுரையிலேயே தெளிவாகிறது.

அடையாற்றுக்கு வந்தவர்கள்

தியாசபிஸ்ட் இதழை நடத்தியவர்கள் பிரம்மஞான சபையின் நிறுவனர்கள். ருஷ்ய நாட்டுப் பிரபுக் குடும்பத்தில் 1831-இல் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரும், அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் பிறரும் 1875-இல் நியூயார்க் நகரில் அச்சபையைத் தோற்றுவித்தனர். மேனாட்டார் பலர் நம் சமயங்களை இழித்துரைத்த அந்நாளில், இவ்விருவரும் அவற்றைப் போற்றிக் கொண்டு பாரதம் வந்து சேர்ந்தனர். 1882 ஏப்ரலில் இருவரும் சென்னைக்கு வருகை புரிந்தபோது சுப்பா ராவ் அவர்களை நேரில் கண்டு சபையிலும் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சபையின் தலைமையகம் பம்பாயிலிருந்து அடையாற்றங்கரைக்கு மாறிற்று. அதன்பின் பகலில் நீதிமன்றமும் ஓய்வு வேளையில் அடையாறும் என அவர் வாழ்வு அமைந்தது. அம்மையார் அவர்மீது பெருமதிப்பு வைத்திருந்தார். வேதாந்தத்தில் ஐயம் எழும்போதெல்லாம் அவர் நாடியது இவ்வக்கீலையே. அவர்தம் வயதோ அப்போது 26.

நட்பு வளர்ந்த அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பிற்காலப் பிணக்கின் வித்தும் இருந்தது. மனிதனிடம் ஏழு கூறுகள் உள்ளன என்பது சபையின் கொள்கை. 1882 ஜனவரியில் சுப்பா ராவ் எழுதிய கட்டுரை ஒன்றில் அவ்வேழையும் ஏற்று, பிரகிருதி, சக்தி, பிரம்மம் என்னும் மூன்றின் சேர்க்கையால் அவை அமைதலை விளக்கினார். மூன்று பொருள்கள் தனித்தும் இரண்டிரண்டாய்ச் சேர்ந்தும் மூன்றும் ஒருங்கிணைந்தும் நிற்குமாயின் ஏழு வகை கிடைக்கும் என்பது கணக்கறிந்தவர்க்கு விளங்கும். ஆனால் ஏழு என்னும் எண் பிறரால் வெறும் பட்டியலாக ஒப்புவிக்கப்படுவதைக் காணக் காண அவருக்கு அதில் மனம் பொருந்தவில்லை.

பட்டியலினும் பெரிய இடர் சொற்களில் இருந்தது. அம்மையார் ஆங்கிலத்தில் எழுதினார். அம்மொழியில் முதற்பொருளுக்குத் தக்க சொல் இல்லை. ஆகவே ஆகாசம், மூலப்பிரகிருதி, பௌத்தர் வழக்கிலிருந்து எடுத்த சுவபாவத் முதலியவற்றை ஆண்டார். அவை சிலவிடத்து ஒரு பொருளையே குறிப்பன போலவும் சிலவிடத்து வெவ்வேறு படிகளைக் குறிப்பன போலவும் நின்றன. நம் சாத்திரங்களில் அவ்வாறு கலக்க இடமில்லை. தைத்திரீய உபநிடதத்தின்படி ஆகாசம் ஆன்மாவினின்று தோன்றியது. சாங்கியத்தில் அது சத்த தன்மாத்திரையின் விளைவாகிய பூதம். பிரகிருதியின் பல படிகளுக்குக் கீழே நிற்பது. தோன்றிய பொருளைத் தோன்றாத மூலத்தின் பெயரால் அழைப்பது எவ்வாறு? மூலப்பிரகிருதியும் எல்லோருக்கும் முதற்படி அன்று. சாங்கியர் அதனைப் புருடனோடு ஒப்ப அநாதியாக வைத்தனர். வேதாந்த சூத்திரமோ அறிவற்ற பிரதானம் உலகிற்குக் காரணம் ஆகாது என மறுத்தது. சைவ சித்தாந்தத்திலோ மூலப்பிரகிருதி கலை என்னும் தத்துவத்தினின்று தோன்றுவது. அதற்கு மேல் அசுத்த மாயையும், அதற்கும் மேல் குடிலை எனப்படும் சுத்த மாயையும் உள்ளன. ஒரே சொல் ஒரு வீட்டில் அடித்தளம். மறு வீட்டில் நடுத்தளம்.

1886-ஆம் ஆண்டு டிசம்பர்

சுப்பா ராவின் வாழ்வில் தலையாய நாட்கள் 1886 டிசம்பர் இறுதியில் அடையாற்றில் நடைபெற்ற ஆண்டு மாநாட்டு நாட்களாகும். அம்மாநாட்டின்போதே, 28-ஆம் நாள், பல சமயத்துப் பெரியோரின் வாழ்த்துடன் அடையாறு நூல் நிலையம் திறக்கப்பெற்றது. அந்நாட்களில் பகவத் கீதையைப் பற்றி நான்கு சொற்பொழிவுகள் ஆற்றினார் சுப்பா ராவ்.

கீதையின் சுலோகங்களுக்கு உரை கூறுதல் அவர் நோக்கமன்று. கீதை எந்த அடிப்படையின்மேல் நிற்கிறது என்று காட்ட விழைந்து, நான்கு தத்துவங்களைக் கொண்டு பேசினார். முதலாவது பரப்பிரம்மம். அது அறிபவனும் அன்று, அறியப்படுவதும் அன்று. இரண்டாவது அதனிடம் முதன்முதல் எழும் உணர்வு நடுவமாகிய ஈசுவரன். கிரேக்கச் சொல்லால் லோகோஸ் என்றும் அவனைக் குறித்தார். மூன்றாவது அவ்வீசுவரனிடமிருந்து வெளிப்படும் ஒளி. கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் தெய்வப் பிரகிருதி என்னும் சொல்லை அதற்கு வைத்தார். நான்காவது மூலப்பிரகிருதி.

இங்கேதான் அவர்தம் நுட்பம் வெளிப்பட்டது. மூலப்பிரகிருதி பரப்பிரம்மத்திற்கு வேறாய் எதிரே நிற்கும் இரண்டாவது பொருள் என்று சாங்கியர்போல் அவர் கொள்ளவில்லை. அதுவே பரப்பிரம்மம் என்றும் சொல்லவில்லை. ஈசுவரன் பரப்பிரம்மத்தை நோக்குங்கால் அவனுக்கே அது நேராகத் தோன்றாது. ஒரு திரை மூடிய வண்ணமே தோன்றும். அத்திரையே மூலப்பிரகிருதி என்பது அவர் முடிபு. இதனை விளக்க எதிரே நிற்கும் ஒரு தூணை எடுத்துக் கொண்டார். தூணைக் காண்பவன் அறிவது அதன் நிறம், வடிவு, வன்மை என்னும் குணங்களின் தொகுதியை மட்டுமே. அத்தொகுதியைத் தாங்கி நிற்பது யாதோ அது புலனுக்கு எட்டுவதில்லை. குணத் தொகுதியே தூண் என்று சொல்வது எவ்வாறு பிழையோ, அவ்வாறே மூலப்பிரகிருதியே பரம்பொருள் என்பதும் பிழை.

ஈசுவரனுக்கும் அவன் ஒளிக்கும் உள்ள தொடர்பைக் காட்டக் கதிரவனை உவமை கூறினார். வெப்பமும் ஒளியும் கதிரவனிடமிருந்து பரவுகின்றன. எனினும் அவை வெளியில் நாம் அறியாத ஒரு நிலையில் முன்னரே உள்ளன. கதிரவன் வாயிலாக நாம் அறியும் வடிவு கொள்கின்றன. அதுபோல் பரப்பிரம்மத்தின் ஆற்றல் ஈசுவரன் வாயிலாகத் தெய்வப் பிரகிருதியாய்ப் பாய்ந்து மூலப்பிரகிருதியை இயக்குகிறது. சடமாகிய மூலம் தானே அசையாது. சித்தாகிய ஒளி தீண்டினாலன்றி உலகம் இல்லை.

சைவ சித்தாந்தம் பயின்றோர் இதனை முழுதும் ஏற்கமாட்டார். அவர்க்கு மாயை திரையன்று. குயவனுக்கு மண் எவ்வாறோ அவ்வாறு இறைவனுக்கு முதற்காரணமாய் நிற்கும் உள்பொருள்; என்றும் அழியாதது. சுப்பா ராவ் அத்துவிதி. அந்நெறி நின்றே பேசினார். ஆனால் மாயை தானே இயங்காது, சிவசத்தியே அதனை இயக்குகிறது என்னும் இடத்தில் இரு நெறியாரும் அருகருகே வந்து நிற்கின்றனர். எந்த இடத்தில் ஒன்றுகின்றனர், எந்த இடத்தில் பிரிகின்றனர் என்று காண முடிவதே சொற்களை அவர் வரையறுத்து ஆண்டதன் பயன்.

பிணக்கு

அச்சொற்பொழிவுகளின் தொடக்கத்தில், ஏழு கூறு என்னும் பாகுபாடு ஆராய்ச்சிக்குப் பொருந்தாதது, மயக்கம் தருவது என்று அவர் வெளிப்படையாகக் கூறிவிட்டார். தாரக ராச யோகத்தார் கொள்ளும் நான்கே போதும் என்பது அவர் கருத்து: தூல உபாதி, சூக்கும உபாதி, காரண உபாதி, அம்மூன்றிற்கும் அப்பாலாகிய ஆன்மா. ஓர் உடலினின்று மற்றோர் உடலைப் பிரித்து யோகி தனியே செயற்படக் கூடுமாயின் அதுவே உண்மையான பிரிவு. மற்றவை ஏட்டுப் பிரிவு என்றார்.

அப்போது அம்மையார் அடையாற்றில் இல்லை. 1884-இல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி இதழ் அவர்மீது கடும் குற்றச்சாட்டுகளை வெளியிட்டபின், உடல் நலமும் குன்றி, 1885 மார்ச் இறுதியில் பாரதத்தை விட்டு ஐரோப்பா சென்றிருந்தார். அங்கிருந்து 1887 ஏப்ரல் தியாசபிஸ்ட் இதழில் மறுப்பு எழுதினார். சுப்பா ராவ் விடை எழுதினார். அம்மையார் மீண்டும் எழுதினார். இவரும் மீண்டும் எழுதினார். மரியாதைக் குறைவான சொல் வாராமல் காத்தனர் எனினும் அம்மையார் மனம் புண்பட்டது. தாம் பெரிதும் மதித்த இந்திய அறிஞரே தம் கொள்கையின் அடிப்படையை மறுத்தது எளிதில் ஆறும் புண்ணன்று.

அதனினும் பெரிதாகிய ஒன்றும் நிகழ்ந்திருந்தது. அம்மையார் பெரு நூலொன்றை எழுதத் தொடங்கி, அதன் முதற்படியைத் திருத்தித் தருமாறு 1886-இல் அடையாற்றுக்கு அனுப்பினார். சாத்திரச் சொற்களைச் சரிபார்க்கச் சுப்பா ராவினும் தக்கார் இல்லை என்பது அவர் நம்பிக்கை. சுப்பா ராவ் படித்துப் பார்த்தார். பிழைகள் மலிந்துள்ளன, திருத்தப் புகுந்தால் முழுதும் தாமே எழுத நேரும் என்று கூறி மறுத்துவிட்டார். மறைபொருளாகக் காக்க வேண்டியவை அங்காடியில் இடப்படுகின்றன என்னும் வருத்தமும் அவருக்கு உண்டு.

இதில் யார்பக்கம் நியாயம்? நோயோடு போராடிய முதிய பெண்மணி, பிறந்த நாட்டையும் பிறகு புகுந்த நாட்டையும் பிரிந்து, உதவி கேட்டு அனுப்பிய ஏடு அது. திருத்த வல்லவர் ஒருவரே. அவர் கை வைக்கவில்லை. கற்றோரிடம் இத்தகைய கடுமை போற்றத்தக்கதன்று என்று கூறலாம். மறுபுறம், ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு தரிசனமே பிறழும் என்று அறிந்தவர், அரைகுறையாகத் திருத்தித் தம் பெயரால் அதற்கு ஒப்புதல் அளித்தலும் முறையாகாது.

1888-இல் இரண்டு நிகழ்ந்தன. சுப்பா ராவ் பிரம்மஞான சபையினின்று விலகினார். அவ்வாண்டிலேயே சீக்ரெட் டாக்டிரின் என்னும் அந்நூல் இலண்டனில் இரு பாகங்களாக வெளிவந்தது. அதன் முதற்பாகத்தில், மூலப்பிரகிருதி யாது என விளக்க நேர்ந்த இடங்களில், அம்மையார் துணையாகக் கொண்டது சுப்பா ராவின் கீதைச் சொற்பொழிவுகளையே. திரை என்னும் விளக்கமும் தூண் உவமையும் கதிரவன் உவமையும், அவர் பெயரும் பெருமையும் கூறி, அந்நூலில் எடுத்தாளப்பட்டன. பிணக்கை மறந்து அறிவுக்கு மதிப்பளித்த அச்செயல் அம்மையாருக்குப் பெருமை சேர்ப்பதாகும். ஏழா நான்கா என்பதில் மட்டும் அவர் இறுதிவரை இறங்கி வரவில்லை.

இறுதி நாட்கள்

1890-இன் முற்பகுதியில் சுப்பா ராவைக் கொடிய தோல் நோய் ஒன்று பற்றியது. உடலெங்கும் கொப்புளங்கள் எழுந்தன. மருத்துவர் செய்தவை பயன் தரவில்லை. சபையை விட்டு விலகியவர் என்று பாராமல் கர்னல் ஆல்காட் ஜூன் திங்கள் தொடக்கத்தில் அவர் இல்லம் சென்று, தமக்குத் தெரிந்த காந்த சிகிச்சை முறையால் நோயைத் தணிக்க முயன்றார். சிறிது குணம் கண்டது போலிருந்தும் நிலைக்கவில்லை.

ஜூன் 24-ஆம் நாள் நண்பகலில், தம் குரு அழைக்கிறார், தாம் உயிர் துறக்கும் வேளை வந்தது, தவத்தில் அமரப் போவதால் எவரும் இடையூறு செய்ய வேண்டா என்று அருகிருந்தோரிடம் தெரிவித்தார். அதன்பின் யாரோடும் பேசவில்லை. அன்றிரவு பத்து மணியளவில் உயிர் பிரிந்தது. மறுநாள் காலை நியோகி மரபின்படி உடல் தகனம் செய்யப்பெற்றது. அடுத்த திங்கள் தியாசபிஸ்ட் இதழில் அவர் வாழ்வை விரித்து இரங்கல் எழுதியவர் ஆல்காட். இன்று சுப்பா ராவைப் பற்றி அறியக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அவ்வெழுத்தினின்று வந்ததே. ஓராண்டு முழுமையடையுமுன், 1891 மே 8-ஆம் நாள், இலண்டனில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் மறைந்தார். இதழ்களில் சிதறிக் கிடந்த சுப்பா ராவின் கட்டுரைகள் 1895-இல் பம்பாயில் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. பன்னிரு இராசிகளைப் பற்றிய அந்த முதற்கட்டுரையும் அதில் இடம்பெற்றுள்ளது.